இடத்தை மாற்றியே ஆளை விரட்டுவது: பிரான்ஸ் டெலிகாம் வழக்கு

போன ஆடி மாதம் தங்கையோடு துணைக்கு அவள் பையனின் பள்ளிக்கூடத்துக்குப் போயிருந்தேன். பையன் ஏழாம் வகுப்பு. அவன் வகுப்பிலேயே மூன்று பேர் சேர்ந்துகொண்டு பட்டப்பெயர் சொல்லிக் கூப்பிடுவது, டிபன் பாக்ஸை ஒளித்து வைப்பது, வேனில் இவன் ஏறும்போது காலி சீட்டில் பையை வைத்து "ஆள் வருது" என்பது என்று இரண்டு மாதமாகத் தினம் ஒன்று நடந்திருக்கிறது. அவன் வீட்டில் ஒரு வார்த்தை சொல்லவில்லை. காலையில் யூனிபார்ம் போட்டதும் வயிற்று வலி வரும், ஞாயிற்றுக்கிழமை வராது. டாக்டரிடம் இரண்டு தடவை போய் மருந்து வாங்கின பிறகுதான் விஷயம் வெளியே வந்தது. தலைமை ஆசிரியை எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார், அதைச் சொல்லத்தான் வேண்டும். கேட்டுவிட்டு, "நீங்க கவலைப்படாதீங்கம்மா, பையனை பி செக்‌ஷனுக்கு மாத்திடறோம்" என்றார். தங்கை கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "மிஸ், தப்பு பண்ணது அந்தப் பசங்க. என் பையன் ஏன் மிஸ் மாறணும்?" என்று கேட்டாள்.

அந்தக் கேள்வியை நான் அன்றைக்கு வீட்டுக்கு வந்தும் விடவில்லை. காரணம், எனக்கும் அது நடந்திருக்கிறது. ஒரு தனியார் கம்பெனியில் கணக்குப் பிரிவில் ஒன்பது வருஷம் இருந்தேன். புதிதாக வந்த மேலாளருக்கும் எனக்கும் ஒரு பில் விஷயத்தில் ஒத்துவரவில்லை. ஒரு திங்கட்கிழமை போனால் என் மேஜையில் வேறொருவர் இருக்கிறார். என் டிராயரில் இருந்ததெல்லாம் ஒரு அட்டைப்பெட்டியில், அதன் மேல் என் பெயர் மார்க்கரில் எழுதி, ஜெராக்ஸ் மெஷினுக்குப் பக்கத்தில். அங்கே ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டிருந்தார்கள். கம்ப்யூட்டர் "வந்துடும்" என்றார்கள், ஐந்து வாரம் வரவில்லை. யாரும் என்னைத் திட்டவில்லை, குரலைக்கூட உயர்த்தவில்லை. ஜெராக்ஸ் எடுக்க வருகிறவர்கள் முதலில் இரண்டு வார்த்தை பேசுவார்கள், பிறகு பேப்பரையே பார்த்துக்கொண்டு நிற்பார்கள். ஆறாவது வாரம் நானே எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன். ராஜினாமா கடிதத்தில் "சொந்தக் காரணங்களுக்காக" என்று என் கையாலேயே எழுதினேன், அது இன்றைக்கும் உறுத்துகிறது.

நம்மூரில் இதற்கு எப்போதோ பேச்சு இருக்கிறது. "தண்ணியில்லாக் காட்டுக்கு மாத்திடுவேன்" என்பார்கள். சொல்கிறவரும் கேட்கிறவரும் அதைச் சட்டப்படி உள்ள ஒரு அதிகாரமாகவே எடுத்துக்கொள்வோம், துன்புறுத்தல் என்று நினைக்க மாட்டோம். ஆனால் அதே காரியத்தைத் திட்டம் போட்டு, எண்ணிக்கை நிர்ணயித்து, ஆயிரக்கணக்கான பேரிடம் செய்த ஒரு பெரிய கம்பெனியின் தலைவர்களை ஒரு நாட்டின் நீதிமன்றம் குற்றவாளிகள் என்று தீர்ப்பளித்திருக்கிறது. பிரான்ஸ் டெலிகாம் வழக்கு. வேலை இடத்தில் அவதிப்படுகிறவர்கள் மட்டும் இல்லை, பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்புகிறவர்களும் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்று நினைக்கிறேன், அதனால்தான் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

முதலில் பின்னணி. நம் ஊரில் ஒரு காலத்தில் "அவர் டெலிபோன்ஸ்ல இருக்கார்" என்றால் கல்யாண வீட்டில் தனி மரியாதை உண்டு. பிரான்சிலும் ஏறக்குறைய அப்படித்தான். தபால், தொலைபேசி எல்லாம் அரசு இலாகா, உள்ளே போனால் ரிட்டயர்மெண்ட் வரைக்கும் கவலை இல்லை. 1990-களின் தொடக்கத்தில் தொலைபேசிப் பிரிவு தனியாகப் பிரிந்தது, 1997-இல் பங்குச் சந்தைக்கு வந்தது, 2004-இல் அரசின் பங்கு பாதிக்குக் கீழே இறங்கியது. நடுவில் 2000-ஆம் வருஷம் ஆரஞ்சு என்ற பிரிட்டிஷ் மொபைல் கம்பெனியைப் பெரும் விலை கொடுத்து வாங்கியதில் கடன் மலையாக ஏறிவிட்டது. அப்புறம் செல்போனும் இன்டர்நெட்டும் வந்து லேண்ட்லைன் வருமானம் சரியத் தொடங்கியது. கேபிள் இழுத்தவர்கள், எக்ஸ்சேஞ்சில் இருந்தவர்கள், லைன்மேன்கள் என்று ஒரு தலைமுறையே இனி தேவையில்லை என்று நிர்வாகம் முடிவுக்கு வந்தது.

ஆனால் அவர்களை வேலையை விட்டு எடுக்க முடியாது. கம்பெனி தனியார் மயமானாலும் ஊழியர்களில் பெரும்பாலோர் பழைய அரசு ஊழியர் அந்தஸ்தோடுதான் இருந்தார்கள். ஆட்குறைப்பு என்று அறிவித்து நோட்டீஸ் கொடுத்து அனுப்ப வழி இல்லை. அனுப்ப முடியாது என்றால் அவர்களாகவே போக வேண்டும், இந்த ஒரு கணக்கிலிருந்துதான் பின்னால் வந்த எல்லாம் வருகிறது.

2005-இல் டிடியே லொம்பார் தலைவராக வந்தார். 2006 முதல் 2008 வரைக்குமான மூன்று வருஷத் திட்டம் தயாரானது. சுமார் 1,20,000 பேர் இருந்த கம்பெனியில் 22,000 பேர் வெளியேற வேண்டும், 10,000 பேர் வேறு வேலைக்கு மாற வேண்டும், புதிதாக 6,000 பேரை எடுக்க வேண்டும். 2006 அக்டோபர் 20-ஆம் தேதி மூத்த அதிகாரிகள் கூட்டத்தில் லொம்பார் பேசியது பிறகு வழக்கில் முக்கியச் சான்றானது. ஆட்கள் வெளியேறுவதை எப்படியாவது செய்து முடிப்பேன், ஜன்னல் வழியாகவோ வாசல் வழியாகவோ, என்றார். ஒரு நிர்வாகி கூட்டத்தில் வாய்க்கு வந்ததைச் சொல்லிவிட்டார் என்று விட்டுவிடலாம். ஆனால் கூடவே நடந்ததையும் பார்க்க வேண்டும்.

அதிகாரிகளின் சம்பளத்தில் ஏறி இறங்கும் பகுதி, அதாவது போனஸ், தன் பிரிவிலிருந்து எத்தனை பேர் வெளியே போனார்கள் என்ற எண்ணிக்கையோடும் சேர்த்துக் கணக்கிடப்பட்டது. "நேரமாச்சு, நகரு" என்று பொருள்படும் ஒரு பெயரில் ஒரு கொள்கை, அதன்படி மேற்பார்வையில் இருப்பவர்கள் மூன்று வருஷத்துக்கு ஒரு முறை இடத்தையோ வேலையையோ மாற்றியாக வேண்டும். இருபது வருஷம் லைன்மேனாக இருந்தவரை கால் சென்டரில் உட்கார வைத்து ஹெட்போன் மாட்டி, எழுதிக் கொடுத்ததைப் படிக்கச் சொன்னார்கள். பிரிவுகளை மூடி ஐம்பது, நூறு கிலோமீட்டர் தள்ளி இருக்கிற ஊருக்குப் போகச் சொன்னார்கள். சிலருக்கு வேலையே கொடுக்கவில்லை. வெளியே என்னென்ன வேலை காலியாக இருக்கிறது என்று ஊழியர்களுக்கு கம்பெனியே மெயில் அனுப்பிக்கொண்டிருந்தது. 2009 ஜனவரியில் ஊழியர்கள் முன்னால் பேசும்போது, பாரிஸுக்கு வெளியே இருப்பவர்கள் கடற்கரையில் சிப்பி பொறுக்கிக்கொண்டிருந்த காலம் முடிந்தது என்ற பொருளில் லொம்பார் பேசினார்.

இதில் எனக்கு மிகவும் வலித்த ஒரு விவரம் உண்டு. சுமார் 4,000 அதிகாரிகளுக்கு ஆட்களை எப்படி நகர வைப்பது என்று பயிற்சி கொடுத்தார்கள். அந்தப் பயிற்சித் தாள்களில் ஒரு வளைகோடு இருந்தது. எலிசபெத் கூப்லர் ராஸ் என்ற மனநல மருத்துவர், சாகும் தறுவாயில் இருக்கும் நோயாளிகளோடு பேசிப் பேசி 1969-இல் எழுதிய துக்கத்தின் படிநிலைகள் அது: முதலில் நம்ப மறுப்பார்கள், பிறகு கோபம், பிறகு பேரம், பிறகு சோர்வு, கடைசியில் ஏற்றுக்கொள்வார்கள். மரணப் படுக்கையில் இருப்பவருக்கு ஆறுதல் சொல்ல உதவுவதற்காக எழுதப்பட்டதை எடுத்து, உன் ஆள் அழுதால் பயப்படாதே, சோர்ந்து போனால் நிறுத்தாதே, அது நடுவில் வருகிற ஒரு படிதான், அதைத் தாண்டினால் ஏற்றுக்கொண்டுவிடுவான் என்று சொல்லிக்கொடுத்தார்கள். அதாவது அந்த மனிதர் உடைந்து போவார் என்று தெரியும், அது திட்டத்திலேயே இருந்தது.

உடைந்தார்கள். தொழிற்சங்கங்கள் வைத்த கணக்கின்படி 2008, 2009 இரண்டு வருஷங்களில் மட்டும் 35 ஊழியர்கள் தங்கள் உயிரைத் தாங்களே மாய்த்துக்கொண்டார்கள். அவர்கள் எப்படி இறந்தார்கள் என்பதை நான் எழுதப்போவதில்லை. 2009 ஜூலையில் மார்செய் நகர ஊழியர் ஒருவர் விட்டுச் சென்ற கடிதத்தில் தன் வேலைதான் காரணம், அது ஒன்றுதான் காரணம் என்று எழுதி, பயமுறுத்தி நடத்தும் நிர்வாகம் என்ற சொற்களையும் எழுதியிருந்தார். செப்டம்பரில் நாடே பேச ஆரம்பித்தது. அந்த நேரத்தில் லொம்பார் பத்திரிகையாளர்களிடம் தற்கொலை 'ஃபேஷனை' நிறுத்த வேண்டும் என்ற பொருளில் சொல்லிவிட்டு, எதிர்ப்பு வந்ததும் மன்னிப்புக் கேட்டார். கட்டாய இடமாற்றங்கள் நிறுத்தி வைக்கப்பட்டன. அந்த வருஷக் கடைசியில் ஒரு தனி ஆய்வு நிறுவனம் ஊழியர்களிடம் கேள்வித்தாள் கொடுத்தபோது 80,000-க்கும் மேற்பட்டோர் நிரப்பிக் கொடுத்தார்கள். வேறெந்தக் கம்பெனியிலாவது கேள்வித்தாள் கொடுத்தால் எத்தனை பேர் நிரப்புவார்கள் என்று யோசித்துப் பாருங்கள். 2010 மார்ச்சில் லொம்பார் செயல் தலைவர் பதவியை விட்டு இறங்கினார்.

இது எப்படி வழக்காக மாறியது என்பதுதான் நமக்குப் பயன்படும் பகுதி என்று நான் நினைக்கிறேன். அழுகையும் கோபமும் மட்டும் இருந்திருந்தால் 2009-ஓடு முடிந்திருக்கும். ஆனால் நாடே பேசுவதற்கு இரண்டு வருஷம் முன்பே, 2007-இல், இரண்டு தொழிற்சங்கங்கள் சேர்ந்து ஒரு கண்காணிப்பு மையம் வைத்தன. மன அழுத்தம், கட்டாய இடமாற்றம், இந்த இரண்டையும் பதிவு செய்வதற்கென்றே. எந்தப் பிரிவு, எந்தத் தேதி, யாருக்கு என்ன வேலை இருந்தது, எதற்கு மாற்றினார்கள், பிறகு அவருக்கு என்ன ஆனது என்று எழுதிக்கொண்டே வந்தார்கள். கம்பெனியின் மருத்துவர்கள் சிலர் எச்சரிக்கைக் கடிதங்கள் எழுதினார்கள், யாரும் கேட்காததால் சிலர் வேலையையே விட்டார்கள். 2009 டிசம்பரில் ஒரு சங்கம் குற்ற வழக்குக்கான புகாரைக் கொடுத்தது. 2010 தொடக்கத்தில் சில்வி கத்தலா என்ற தொழிலாளர் ஆய்வாளர் அரசு வழக்கறிஞருக்கு அறிக்கை அனுப்பினார். ஒரு தனி மேலாளர் கெட்டவர் என்று அவர் எழுதவில்லை, வேலையை ஒழுங்கு செய்திருக்கும் முறையே ஆட்களை நோகடிக்கிறது என்று ஆவணங்களை வைத்துக் காட்டினார்.

சட்டமும் தயாராக இருந்தது. பிரான்சில் 2002 ஜனவரியில் வேலை இடத்து மனத் துன்புறுத்தலைக் குற்றமாக்கியிருந்தார்கள். திரும்பத் திரும்பச் செய்யப்படும் செயல்கள், வேலைச் சூழலைக் கெடுப்பதை நோக்கமாகக் கொண்டிருந்தாலோ அல்லது அதன் விளைவு அப்படி ஆனாலோ, அதனால் ஒருவரின் உரிமையோ கண்ணியமோ உடல், மன நலமோ எதிர்கால வேலை வாய்ப்போ பாதிக்கப்படக்கூடும் என்றால் குற்றம். "நோக்கமோ விளைவோ" என்பதை விட்டுவிடாதீர்கள். நான் நல்ல எண்ணத்தில்தான் செய்தேன் என்று சொல்லி இதிலிருந்து சுலபமாகத் தப்ப முடியாது.

விசாரணை முடிந்து நீதிமன்றத்துக்கு வரப் பத்து வருஷம் ஆனது. கம்பெனியின் பெயரே அதற்குள் ஆரஞ்சு என்று மாறிவிட்டது. 2019 மே முதல் ஜூலை வரை பாரிஸில் விசாரணை நடந்தது. 39 பேரின் கதையை நீதிமன்றம் ஒவ்வொன்றாக எடுத்தது: இறந்தவர்கள் 19 பேர், இறக்க முயன்று பிழைத்தவர்கள் 12 பேர், மன அழுத்தத்தால் முடங்கிப்போனவர்கள் 8 பேர். மனைவி, கணவர், பிள்ளைகள் வந்து சாட்சி சொன்னார்கள்.

எதிர்த் தரப்பு சொன்னதை லேசாக எடுத்துக்கொள்ளக் கூடாது, ஏனென்றால் எல்லா ஊரிலும் அதையேதான் சொல்வார்கள். கம்பெனி கடனில் மூழ்கிக்கொண்டிருந்தது, மாறாமல் இருந்திருந்தால் எல்லோருடைய வேலையும் போயிருக்கும் என்றார்கள். வெளியேறியவர்கள் விருப்பப்பட்டுத்தான் போனார்கள், கடுமையாக யாராவது நடந்துகொண்டிருந்தால் அது கீழே இருந்த சில மேலாளர்களின் தவறு, எங்களுக்கு அந்த ஊழியர்களின் பெயர்கூடத் தெரியாது என்றார்கள். இறந்தவர்களுக்கு வீட்டில் வேறு பிரச்சினைகள் இருந்திருக்கலாம் என்ற வாதமும் வந்தது.

2019 டிசம்பர் 20-ஆம் தேதி தீர்ப்பு வந்தது. ஆட்களைக் குறைக்க நினைத்தது குற்றம் இல்லை என்று நீதிமன்றம் தெளிவாகச் சொன்னது, அந்த எண்ணிக்கையை எட்டுவதற்கு எடுத்துக்கொண்ட வழிதான் குற்றம். 'விருப்பத்தின் பேரில்' என்பது வெறும் மேல்பூச்சு. மேலே இருந்து கொடுத்த நெருக்கடி அதிகாரிகள் வழியாகப் படிப்படியாகக் கீழே இறங்கி ஊழியர்கள் தலையில் விழுந்தது, அது அப்படி விழ வேண்டும் என்றே அமைக்கப்பட்டிருந்தது. லொம்பார், அவருக்கு அடுத்த இடத்தில் இருந்த லூயி பியேர் வெனெஸ், மனிதவளத் தலைவர் ஒலிவியே பார்பெரோ மூவருக்கும் ஒரு வருஷச் சிறை, அதில் எட்டு மாதம் நிறுத்தி வைப்பு, ஆளுக்கு 15,000 யூரோ அபராதம். கம்பெனிக்கு 75,000 யூரோ. அவ்வளவு பெரிய கம்பெனிக்கு அது ஒரு தொகையே இல்லை, ஆனால் அன்றிருந்த சட்டத்தில் அதற்கு மேல் இடம் இல்லை. மேல் முறையீட்டில் 2022 செப்டம்பரில் லொம்பாருக்கும் வெனெஸுக்கும் சிறைத் தண்டனை முழுவதும் நிறுத்தி வைக்கப்பட்டது, குற்றவாளிகள் என்ற முடிவு மட்டும் மாறவில்லை. அந்த இருவரும் ஒரு நாள்கூடச் சிறைக்குப் போகாதது அந்தக் குடும்பங்களுக்கு எப்படி இருந்திருக்கும் என்று என்னால் நினைத்துப் பார்க்க முடிகிறது.

அப்புறம் 2025 ஜனவரி 21. பிரான்சின் உச்ச மேல்முறையீட்டு மன்றம் தீர்ப்பை உறுதி செய்தது. ஒரு கம்பெனியின் கொள்கையே துன்புறுத்தலாக இருக்க முடியும், செய்தவருக்கும் பாதிக்கப்பட்டவருக்கும் நேரடிப் பழக்கம் இருந்திருக்க வேண்டிய அவசியம் இல்லை. 'அவர்கள் பெயர்கூட எனக்குத் தெரியாது' என்ற வாதம் அதோடு முடிந்தது.

இதற்கும் ஏழாம் வகுப்புப் பையனுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். இந்தப் பேச்சு தொடங்கியதே பள்ளிக்கூடத்தில்தான். 1960-களின் கடைசியில் ஸ்வீடனில் பீட்டர் பால் ஹைனமான் என்ற மருத்துவர், பிள்ளைகள் கூட்டம் சேர்ந்து ஒரு பிள்ளையைக் குறிவைப்பதைப் பார்த்து, அதற்குப் பறவைகளும் விலங்குகளும் கூட்டமாகப் பாய்வதைக் குறிக்கும் 'மாபிங்' என்ற சொல்லைப் பயன்படுத்தினார். டான் ஓல்வேயஸ் என்ற உளவியலாளர் பள்ளிகளில் பல வருஷம் ஆராய்ந்து மூன்று அடையாளங்களைச் சொன்னார்: வேண்டுமென்றே செய்வது, திரும்பத் திரும்பச் செய்வது, எதிர்த்து நிற்க முடியாதபடி ஒருவர் கை ஓங்கியிருப்பது. 1980-களில் ஹைன்ஸ் லேமான் என்ற உளவியலாளர் அதே ஸ்வீடனில் அந்தச் சொல்லைப் பள்ளியிலிருந்து ஆபீசுக்குக் கொண்டு போனார். அவர் பட்டியலிட்ட செயல்களில் வேலை கொடுக்காமல் உட்கார வைப்பது, தகுதிக்குக் கீழான வேலை கொடுப்பது, மற்றவர்களிடமிருந்து தள்ளி ஒரு மூலையில் இடம் போடுவது எல்லாம் இருக்கின்றன. அந்தப் பட்டியலை முதன்முதலில் படித்தபோது ஜெராக்ஸ் மெஷின் பக்கத்துப் பிளாஸ்டிக் நாற்காலி எனக்கு ஞாபகம் வந்தது. எனக்கு நடந்ததற்கு ஒரு பெயர் இருக்கிறது என்று தெரிந்ததே பெரிய ஆறுதலாக இருந்தது. நம்மிடம் இன்னும் 'சும்மா விளையாட்டுக்கு', 'கலாய்ச்சாங்க' என்றுதான் பேச்சு. மலேசியத் தமிழர்கள் பகடிவதை என்று ஒரு நல்ல சொல் வைத்திருக்கிறார்கள், பகடியும் வதையும் சேர்ந்தே வருகிறது அதில். இங்கேயும் அது பழக்கத்துக்கு வரவேண்டும்.

பட்டியலில் இருக்கிற எல்லாமே ஒரு மனிதருக்கு இங்கே இடம் இல்லை என்று காட்டுவதுதான், வேன் சீட்டில் பையை வைப்பதும் அதே. அப்படி இருக்கும்போது, பாதிக்கப்பட்ட பிள்ளையை வேறு செக்‌ஷனுக்கு மாற்றுவது அந்த மூன்று பையன்கள் தொடங்கின வேலையைப் பள்ளி முடித்துக் கொடுப்பதாகிவிடுகிறது. பிள்ளைக்கு அது என்ன சொல்கிறது? நீ இருந்ததுதான் பிரச்சினை என்கிறது. பார்த்துக்கொண்டிருக்கும் மற்ற முப்பது பிள்ளைகளுக்கும் அதையே சொல்கிறது. பிரான்சில் இதைப் புரிந்துகொண்டார்கள் என்று நினைக்கிறேன். 2022 மார்ச்சில் பள்ளித் துன்புறுத்தலைத் தனிக் குற்றமாக்கினார்கள். 2023 ஆகஸ்டில் வந்த ஆணைப்படி, தொடக்கப் பள்ளியில் ஒரு பிள்ளை இன்னொரு பிள்ளையைத் தொடர்ந்து துன்புறுத்தினால், மற்ற வழிகள் பலிக்காதபோது, துன்புறுத்தும் பிள்ளையை வேறு பள்ளிக்கு மாற்றலாம். அதற்கு முன்பு பெரும்பாலும் அடிபட்ட பிள்ளையின் அப்பா அம்மாதான் வேறு பள்ளி தேடி அலைந்தார்கள். துன்புறுத்தும் பிள்ளையும் பிள்ளைதான், அவனுக்கும் உதவி தேவை என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் இடத்தை விட்டுக்கொடுக்க வேண்டியவன் யார் என்பதில் இனி குழப்பம் இல்லை.

நம் சட்டம் எங்கே நிற்கிறது? வேலை இடத்தில் பெண்களுக்கு எதிரான பாலியல் துன்புறுத்தலுக்கு 2013-ஆம் வருஷச் சட்டம் இருக்கிறது, அதன்படி பத்து பேர் வேலை செய்யும் இடத்திலேயே உள்ளகப் புகார்க் குழு இருந்தாக வேண்டும். அது அல்லாத மனத் துன்புறுத்தலுக்குத் தனிச் சட்டம் இல்லை. ஆனால் பலருக்குத் தெரியாத ஒன்று 1947-ஆம் வருஷத் தொழில் தகராறு சட்டத்தின் ஐந்தாம் அட்டவணையில் இருந்தது. நிர்வாகக் கொள்கை என்ற போர்வையில், கெட்ட எண்ணத்தோடு ஒரு தொழிலாளியை ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு மாற்றுவது முறையற்ற தொழில் நடவடிக்கை என்று அதில் தெளிவாக எழுதியிருந்தது. அதற்குப் பதிலாக வந்த 2020-ஆம் வருஷத் தொழிலுறவுச் சட்டத் தொகுப்பிலும் அந்தப் பட்டியல் தொடர்கிறது. தண்ணியில்லாக் காட்டுக்கு ஒரு பிரிவு இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். மேலாளர் பதவியில் இருப்பவர்களை அது காக்காது, 'தொழிலாளி' என்ற வரையறைக்குள் வரவேண்டும், நிரூபிப்பதும் லேசு இல்லை. பள்ளிகளுக்குக் கல்வி உரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு இருக்கிறது, எந்தப் பிள்ளையையும் உடல்ரீதியாகத் தண்டிக்கவோ மனரீதியாகத் துன்புறுத்தவோ கூடாது என்கிறது அது.

சட்டம் இவ்வளவுதான் என்றால் கையில் இருப்பது என்ன? பிரான்ஸ் டெலிகாம் ஊழியர்களிடம் நான் கற்றுக்கொண்டது, எழுதி வைப்பது. எனக்கு அது தெரியாமல் போனது. வாயால் சொன்ன மாற்றத்தை அன்று மாலையே, "இன்று காலை நீங்கள் சொன்னபடி என் இருக்கை மாற்றப்பட்டது, கம்ப்யூட்டர் எப்போது கிடைக்கும் என்று தெரிவிக்கவும்" என்று இரண்டு வரி மெயிலாக அனுப்பியிருக்கலாம். சண்டை போடத் தேவையில்லை, தேதி பதிவாகிவிடும். ஆபீஸ் மெயிலை ஒரு நாள் திறக்க முடியாமல் செய்துவிடுவார்கள் என்பதால் சொந்த நோட்டிலும் தேதி போட்டு எழுத வேண்டும், யார் பக்கத்தில் இருந்தார்கள் என்பதோடு. கம்பெனியின் ரகசியக் காகிதங்களை வீட்டுக்குக் கொண்டுபோய் வம்பில் மாட்டிக்கொள்ளாதீர்கள், நமக்கு நடந்ததை நாமே எழுதுவது போதும். விருப்பம் இல்லாத எதிலும் 'என் விருப்பத்தின் பேரில்' என்று கையெழுத்துப் போடாதீர்கள், நான் எழுதின 'சொந்தக் காரணங்கள்' போல. ராஜினாமா கேட்டால் இரண்டு நாள் அவகாசம் கேளுங்கள்.

அப்புறம், தனியாக இருக்காதீர்கள். அங்கே சங்கம் இருந்தது. இல்லாத இடத்தில் ஒரு சக ஊழியராவது வேண்டும். ஜெராக்ஸ் எடுக்க வந்தவர்களில் ஒரே ஒருவர், கேன்டீன் பொறுப்பில் இருந்த அண்ணன், தினம் பதினொரு மணிக்கு டீயை என் பிளாஸ்டிக் நாற்காலிக்கே கொண்டுவந்து கொடுத்துவிட்டு இரண்டு நிமிஷம் நின்று பேசிவிட்டுப் போவார். அந்த ஐந்து வாரத்தை நான் தாண்டியது அந்த இரண்டு நிமிஷத்தால்தான். தூக்கம் போய், உயிரே வேண்டாம் என்ற எண்ணம் வந்துவிட்டால் வழக்கு, பதிவு எல்லாவற்றையும் ஓரமாக வைத்துவிட்டு முதலில் யாரிடமாவது பேசுங்கள். 14416, 104 இரண்டிலும் தமிழில் பேசலாம். பிள்ளைகளுக்கு 1098, தமிழ்நாட்டுப் பள்ளிகள் தொடர்பாக 14417.

தங்கை கேட்ட கேள்விக்கு அந்த ஆசிரியை உடனே பதில் சொல்லவில்லை. நான் கையில் ஒரு நாற்பது பக்க நோட்டு வைத்திருந்தேன். பையன் சொல்லச் சொல்ல மூன்று ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து தேதி வாரியாக எழுதியது, வேன் நம்பர், டிபன் பாக்ஸ் கிடைத்த இடம், பக்கத்தில் இருந்த பிள்ளைகள் என்று. அதை மேஜையில் வைத்தேன். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முழுவதும் படித்தார், ஒரு பக்கத்தில் நின்று, "இது கணக்கு பீரியட்லயே நடந்திருக்கே" என்றார். பெல் அடித்து வகுப்பு ஆசிரியரைக் கூப்பிட்டார். அன்றைக்கே ஒன்றும் தீர்ந்துவிடவில்லை. மூன்று பையன்களின் வீட்டாரும் தனித்தனியாக வரவழைக்கப்பட்டார்கள், ஒரு அப்பா சத்தம் போட்டுவிட்டுப் போனார், வேனில் சீட் எண் எழுதி ஒட்டவே மூன்று வாரம் ஆனது. அதில் இரண்டு பேரை வகுப்பிலேயே முன்வரிசையில் தள்ளித் தள்ளி உட்கார வைத்திருக்கிறார்கள், ஒருவனுக்கு வாரம் ஒரு நாள் கவுன்சிலரோடு பேச ஏற்பாடு. வயிற்று வலி இப்போதும் எப்போதாவது வருகிறது, பரீட்சை நாளில்.

போன வாரம் போனபோது பையன் செக்‌ஷன் பேர் எழுதிய புது லேபிள்களை நோட்டுகளில் ஒட்டிக்கொண்டிருந்தான். ஏழு ஏ.